பள்ளி நாளில் பிள்ளையை ஊருக்கு அழைத்துப் போனால் பெற்றோருக்கு அபராதம் போடலாமா?

மாந்தோப்பு (காவேரிப்பட்டணம்)

இங்கிலாந்தில் வேலை பார்க்கும் என் தம்பி இந்த மாசியில் மயானக் கொள்ளைக்குக் குடும்பத்தோடு வந்து போனான். அம்மாவுக்குக் கண்பார்வை மங்கிக்கொண்டே வருகிறது. பேரப்பிள்ளைகளை ஒருமுறையாவது அங்காளம்மன் திருவிழாவில் கையைப் பிடித்து நடத்திக் கூட்டிப்போக வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அவர்களுக்கு அங்கே பிப்ரவரியில் ஒரு வாரம் விடுமுறை உண்டு, ஆனால் நம் அமாவாசை அந்த வாரத்தில் வரவில்லை. பள்ளியில் விடுப்பு கேட்டான், கொடுக்கவில்லை. வந்துவிட்டான். திரும்பிப் போனதும் நோட்டீஸ்.

அங்கே கணக்கு இப்படி: ஒரு பிள்ளைக்கு, ஒரு பெற்றோருக்கு 80 பவுண்டு. 21 நாளுக்குள் கட்டாவிட்டால் 160. அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள் என்றால் 320 பவுண்டு, நம் காசுக்கு 35,000 ரூபாய்க்கு மேல். மூன்று வருடத்துக்குள் இரண்டாவது முறை போனால் நேராக 160. மூன்றாவது முறை நோட்டீஸ் கிடையாது, பெரும்பாலும் வழக்குதான்.

இதை நான் தெருவில் சொல்லப்போய், எங்கள் பக்கத்துத் தனியார் பள்ளியின் பெற்றோர் கூட்டம் வரை பேச்சு போய்விட்டது. "இங்கேயும் இப்படிப் போட்டால்தான் வழிக்கு வருவார்கள்" என்று ஒருவர் சொல்ல, நிறைய பேர் தலையாட்டினார்கள். எனக்கு ஒப்பவில்லை. எங்கள் பக்கம் மாங்காய்தான் பிழைப்பு. பள்ளி மூடும் சித்திரை, வைகாசியில் எங்களுக்குத் தூக்கமே கிடையாது. செந்தூரா முடிந்து பெங்களூரா கூழ் ஆலைக்குப் போய்ச் சேர ஆடி ஆகிவிடும். பிள்ளைகளோடு திருப்பதிக்கோ ராமேஸ்வரத்துக்கோ போக நேரம் கிடைப்பது அதற்கப்புறம்தான். அப்போது பள்ளி நடக்கிறது. நாங்கள் குற்றவாளிகளா? உங்கள் எண்ணத்தைச் சொல்லுங்கள்.

காரிமங்கலம்_அப்பா

அண்ணா, உங்கள் தம்பிக்காக வருத்தப்படுகிறேன். ஆனால் அபராதம் வேண்டும் என்ற கட்சி நான்.

என் மகள் படிக்கும் பள்ளியில் நடப்பதைச் சொல்கிறேன். வியாழன் ஒரு அரசு விடுமுறை வந்தால் வெள்ளிக்கிழமை வகுப்பில் பாதி இருக்கை காலி. கேட்டால் கோவா, ஏற்காடு, யாரோ ஒருவர் தாய்லாந்து. திங்கட்கிழமை அந்த டீச்சர் வெள்ளியன்று நடத்தியதையே மறுபடி நடத்துகிறார். ஒழுங்காக வந்த பிள்ளைகள் அதே பாடத்தை இரண்டாம் முறை கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். யாரோ போன சுற்றுலாவுக்கு என் மகள் ஏன் ஒரு நாளை இழக்க வேண்டும்?

75 விழுக்காடு வருகை இருந்தால் பொதுத்தேர்வு எழுதலாம் என்று ஒரு விதி இருக்கிறது அல்லவா, பெற்றோர் அதை வைத்துக் கணக்குப் போடுகிறார்கள். "இன்னும் எத்தனை நாள் லீவு போடலாம்" என்று வாட்ஸ்அப் குழுவிலேயே கேட்கிறார்கள். கையில் காசு இருப்பவர்கள்தான் இப்படிப் போகிறார்கள். அவர்களிடம் வசூலித்து நூலகத்துக்குப் புத்தகம் வாங்கட்டும். இங்கிலாந்துக்காரர்கள் ஒவ்வொரு நாளையும் மதிக்கிறார்கள், அதில் கற்றுக்கொள்ள நமக்கு விஷயம் இருக்கிறது.

ஓசூர்_இரண்டாம்_ஷிப்ட்

நான் சிப்காட்டில் வேலை செய்கிறேன். மே மாதத்தில் லைனில் இருக்கும் எல்லாருக்கும் லீவு வேண்டும், எல்லாருக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். சீனியர்களுக்குக் கிடைக்கும், மற்றவர்கள் ஜூலை, ஆகஸ்டில் எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். சரி, மே மாதம் கிடைத்தாலும் எங்கே போவது? ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே 7ல் இருந்து உயர் நீதிமன்ற உத்தரவுப்படி இ-பாஸ். கோடையில் அங்கே ஒரு அறையின் வாடகை எங்கள் வீட்டு ஒரு மாத மளிகை. அதே அறை ஆகஸ்டில் பாதி விலைக்குக் கிடைக்கிறது.

காரிமங்கலம் அண்ணா "காசு இருப்பவர்கள்தான் போகிறார்கள்" என்கிறார். எங்களைப் போன்றவர்கள் பள்ளி நாளில் போவது காசு இல்லாததால்தான்.

கோர்ட்_ரோடு (தர்மபுரி)

சட்டத்தை மட்டும் கொஞ்சம் தெளிவுபடுத்துகிறேன், ஏனென்றால் இரண்டு நாட்டையும் ஒரே தட்டில் வைத்துப் பேசுகிறோம்.

இங்கிலாந்தில் 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தின் 444ஆம் பிரிவுப்படி, பள்ளியில் பெயர் பதிந்த பிள்ளை ஒழுங்காக வராவிட்டால் பெற்றோர் செய்தது குற்றம். 2013க்கு முன்பு தலைமையாசிரியர் நினைத்தால் குடும்பப் பயணத்துக்குப் பத்து நாள் வரை அனுமதி கொடுக்கலாம். அதன்பின் அசாதாரணச் சூழ்நிலைக்கு மட்டும்தான். ஜான் பிளாட் என்ற தந்தை மகளை 2015 ஏப்ரலில் ஃபுளோரிடாவுக்கு அழைத்துப் போய், அபராதம் கட்ட மாட்டேன் என்றார், வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. பிள்ளையின் வருகை 90 விழுக்காட்டுக்கு மேல் இருக்கிறதே என்பது அவர் வாதம். 2017 ஏப்ரலில் அவர் தோற்றார். பள்ளி வைத்த விதிப்படி வர வேண்டும், மொத்த விழுக்காடு பேச்சே இல்லை என்று தீர்ப்பு. ஒன்று கவனியுங்கள், ஸ்காட்லாந்தில் இந்த அபராத நோட்டீஸ் முறை இல்லை. ஒரே ராஜ்ஜியத்துக்குள்ளேயே இரண்டு வழி.

நம் கல்வி உரிமைச் சட்டம் 2009, நடைமுறைக்கு வந்தது 2010 ஏப்ரல் 1. அதன் 10ஆம் பிரிவு பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோர் கடமை என்கிறது. அரசமைப்புச் சட்டம் 51ஏ(கே)யும் 6 முதல் 14 வயதுப் பிள்ளைக்குக் கல்வி வாய்ப்புத் தருவது பெற்றோர் கடமை என்கிறது. ஆனால் தவறினால் இவ்வளவு அபராதம் என்று கல்வி உரிமைச் சட்டத்தில் ஒரு வரி கூட இல்லை. சேர்க்கை, வருகை, படிப்பை முடிப்பது மூன்றையும் உறுதிசெய்யும் பொறுப்பை 8, 9ஆம் பிரிவுகள் அரசின் மேலும் உள்ளாட்சியின் மேலும்தான் வைத்திருக்கின்றன. கட்டாயக் கல்வி என்று நாம் சொல்லும்போது கட்டாயம் அரசுக்கு.

சில தனியார் பள்ளிகள் லீவுக்கு நாள் கணக்கில் பணம் வாங்குவது எனக்குத் தெரியும். தமிழ்நாட்டில் 2009ஆம் ஆண்டுக் கட்டண முறைப்படுத்தல் சட்டப்படி, குழு நிர்ணயித்த தொகைக்கு மேல் வசூலிக்கக் கூடாது. கட்டினால் ரசீது கேளுங்கள்.

அரூர்_டீச்சர்

அரசு நடுநிலைப் பள்ளியில் இருக்கிறேன். அபராதம் வேண்டாம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் "எங்கள் பிள்ளை, எங்கள் வசதி" என்ற பேச்சையும் ஏற்க மாட்டேன்.

ஐந்தாம் வகுப்பில் பின்னக் கூட்டல் நடத்திக்கொண்டிருந்த வாரம் ஒரு பையன் மாமா கல்யாணம் என்று போய்விட்டான். கெட்டிக்காரப் பையன். திரும்பி வந்து கணக்கைப் போட்டுக் கொண்டுவந்து காட்டினான்: 1/2 + 1/3 = 2/5. மேலே இருப்பதை மேலே கூட்டினான், கீழே இருப்பதைக் கீழே கூட்டினான். கையெழுத்து அழகாக இருந்தது, அடிக்கோடு கூடப் போட்டிருந்தான். அவன் இல்லாத நாட்களில்தான் காகிதத்தை மடித்து, வெட்டி, துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்து, ஏன் கீழே இருக்கும் எண் ஒன்றாக வேண்டும் என்று மற்ற பிள்ளைகள் கண்ணால் பார்த்தார்கள். அதை அவனுக்குத் திரும்ப நடத்த மதிய உணவு வேளையைத்தான் எடுத்துக்கொண்டேன். அந்தப் பெற்றோரைக் கேட்டால் "நாலு நாள்தானே டீச்சர்" என்பார்கள். எந்த நாலு நாள் என்று அவர்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். முன்கூட்டியே சொல்லியிருந்தால் அந்தப் பாடத்தை அடுத்த வாரத்துக்குத் தள்ளியிருப்பேன், அல்லது அவனுக்குக் காகிதத் துண்டுகளைக் கொடுத்து அனுப்பியிருப்பேன்.

மாந்தோப்பு அண்ணா, நீங்கள் ஆடிக்கு அப்புறம் போவதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. கிளம்புவதற்கு முன் வகுப்பு டீச்சரிடம் சொல்லிவிட்டுப் போனால் போதும்.

மாந்தோப்பு (காவேரிப்பட்டணம்)

டீச்சர், நன்றி. எங்கள் வீட்டில் சொல்லாமல் போனது இல்லை, ஆனால் எல்லா வீட்டுக்கும் அதைச் சொல்ல முடியாது.

காரிமங்கலம் தம்பிக்கு: வசூலித்தால் குறையும் என்கிறீர்கள். இஸ்ரேலில் ஹைஃபா நகரத்தில் பிள்ளைகள் காப்பகங்களில் ஒரு பரிசோதனை செய்தார்கள், ஆய்வு 2000ல் வெளிவந்தது. மாலையில் பிள்ளையை அழைத்துப்போகத் தாமதமாக வரும் பெற்றோருக்குச் சிறிய அபராதம் போட்டார்கள். தாமதம் குறையவில்லை, ஏறக்குறைய இரண்டு மடங்கானது. அதுவரை டீச்சர் நமக்காகக் காத்திருக்கிறாரே என்ற கூச்சம் இருந்தது. காசு என்று ஆனதும் கூச்சம் போய்விட்டது. அபராதத்தை எடுத்த பிறகும் தாமதம் பழைய நிலைக்கு இறங்கவில்லை.

இங்கிலாந்தையே பாருங்கள். 2023-24 கல்வியாண்டில் அங்கே போட்ட நோட்டீஸ் சுமார் 4.87 லட்சம். பத்தில் ஒன்பது விடுமுறைப் பயணத்துக்காக. இவ்வளவு வருடமாக வசூலித்தும் போகிறவர்கள் போகிறார்கள். என் தம்பி வேலை செய்யும் இடத்தில் டிக்கெட் விலையோடு அபராதத்தையும் கூட்டி, அப்படியும் லாபம் என்று கண்டால்தான் கிளம்புகிறார்களாம். கோவா போகிற உங்கள் பள்ளிப் பெற்றோரும் அதைத்தான் செய்வார்கள். 500 ரூபாயை ஜிபேயில் தட்டிவிட்டு, இனிமேல் டீச்சரிடம் ஒரு வார்த்தை சொல்லவும் மாட்டார்கள்.

காரிமங்கலம்_அப்பா

காப்பகத்தில் அபராதம் மிகச் சிறியது என்று நீங்களே சொல்கிறீர்கள். பெரிதாகப் போட்டால் நிற்கும். ஜெர்மனியில் பவேரியா பக்கம் விடுமுறை தொடங்குவதற்கு முந்தைய நாட்களில் விமான நிலையத்தில் போலீஸே நின்று, பள்ளி நாளில் பிள்ளையோடு கிளம்பும் குடும்பங்களை விசாரித்தது 2018ல் செய்தியாக வந்தது. நான் அந்த அளவுக்குக் கேட்கவில்லை. பள்ளிக்கு ஒரு பிடி இருக்க வேண்டும். கெஞ்சிக் கெஞ்சித்தான் பிள்ளையை வரவழைக்க வேண்டுமா?

சித்தேரி_மலை

படித்துக்கொண்டே வந்தேன். கோவா, ஊட்டி, இங்கிலாந்து எல்லாம் வந்துவிட்டது. நம் மாவட்டத்தில் மாதக் கணக்கில் பள்ளிக்கு வராத பிள்ளை யார் என்று ஒருவரும் சொல்லவில்லை.

எங்கள் மலையில் மார்கழியிலேயே பல வீடுகளில் பூட்டு தொங்கும். குடகுக்குக் காப்பி பறிக்க, அப்புறம் மிளகு பறிக்கப் போய்விடுவார்கள். கீழே இறங்கினால் செங்கல் சூளைக்குப் போகிறவர்கள், பெங்களூருவில் கட்டட வேலைக்குப் போகிறவர்கள். முன்பணம் வாங்கிவிட்டால் சூளைக்காரர் சொன்ன தேதியில் கிளம்பியே ஆக வேண்டும், பள்ளியில் என்ன தேர்வு என்று யார் கேட்கப் போகிறார்கள்? பாட்டி தாத்தா இருக்கும் வீட்டில் பெரிய பிள்ளையை விட்டுப் போவார்கள். இல்லாத வீட்டில் எல்லாரும் போக வேண்டியதுதான்.

அங்கே என்ன நடக்கும் என்றால், அம்மாவும் அப்பாவும் பறிப்பார்கள். எட்டு வயதுப் பிள்ளை கீழே சிந்திய பழத்தைப் பொறுக்கும், தம்பியைப் பார்த்துக்கொள்ளும். சாயங்காலம் மூட்டையை எடை போடும்போது அந்தப் பிள்ளை பொறுக்கியதும் அதில்தான் இருக்கும், பெயர் அப்பாவுடையது. பக்கத்தில் பள்ளி இருந்தாலும் அது கன்னடப் பள்ளி. இங்கே தமிழில் எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டிருந்த பிள்ளை அங்கே போய் எந்த வகுப்பில் உட்காரும்?

நீங்கள் அபராதம் என்று ஒன்றைக் கொண்டுவந்தால், பதிவேட்டில் நீண்ட நாள் வராதவர் பட்டியலில் முதலில் நிற்பது எங்கள் பெயர்கள்தான். கோவா போனவர் இரண்டு நாள் வரவில்லை, அவர் பட்டியலிலேயே வரமாட்டார். விமான நிலையத்தில் போலீஸ் நிறுத்தும் என்கிறீர்கள், இங்கே அரூர் பேருந்து நிலையத்தில் மூட்டை முடிச்சோடு நிற்கிறவர்களைத்தான் நிறுத்துவார்கள். அவர்களிடம் காசு இல்லை. அதனால்தான் பேருந்து ஏறுகிறார்கள்.

கோர்ட்_ரோடு (தர்மபுரி)

சித்தேரி நண்பர் சொன்னதோடு சேர்த்து: புலம்பெயரும் குடும்பத்துப் பிள்ளைகளைச் சேர்ப்பதை உள்ளாட்சியின் கடமை என்றே 9ஆம் பிரிவு தனியாகச் சொல்கிறது. 5ஆம் பிரிவுப்படி மாற்றுச் சான்றிதழ் வரத் தாமதமானாலும் புதிய அரசுப் பள்ளி பிள்ளையைச் சேர்க்க மறுக்கக் கூடாது. 4ஆம் பிரிவு, விட்டுப்போன பிள்ளையை வயதுக்கு ஏற்ற வகுப்பில் சேர்த்துச் சிறப்புப் பயிற்சி கொடுக்கச் சொல்கிறது. அப்பா அம்மா திரும்பும் வரை பிள்ளை தங்கிப் படிக்கப் பருவகால விடுதி நடத்த ஒருங்கிணைந்த கல்வித் திட்டத்தில் இடம் உண்டு. பெண் பிள்ளைகளுக்குக் கஸ்தூரிபா காந்தி உண்டு உறைவிடப் பள்ளிகள் நம் இரண்டு மாவட்டத்திலும் இருக்கின்றன. பெற்றோரைத் தண்டிக்கும் முன் இவை எல்லாம் அந்தப் பிள்ளையை எட்டியதா என்று கேட்க வேண்டும்.

அரூர்_டீச்சர்

சித்தேரிக்காரர் சொன்னது அத்தனையும் நான் தினம் பார்ப்பது. நான் அபராதம் வேண்டாம் என்று ஆரம்பத்தில் சொன்னதற்கு இன்னொரு காரணம் இருக்கிறது. பொது இடத்தில் எழுத வேண்டாம் என்று தயங்கினேன், எழுதித்தான் ஆக வேண்டும்.

எட்டாம் வகுப்புப் பெண் பிள்ளை ஒரு திங்கட்கிழமை வரவில்லை என்றால் பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் கேட்போம். "ஊருக்குப் போயிருக்கா டீச்சர்." எந்த ஊர்? "தெரியல." நம் மாவட்டங்களில் வேலை பார்க்கும் எந்த டீச்சருக்கும் அந்தப் பதிலைக் கேட்டால் வயிற்றைப் பிசையும். அத்தை வீட்டுக்குத் திருவிழாவுக்கும் போயிருக்கலாம். கோயிலில் வைத்துத் தாலி கட்டியும் முடித்திருக்கலாம். 2006ஆம் ஆண்டுச் சட்டம் பெண்ணுக்கு 18 வயது என்கிறது, தர்மபுரி, கிருஷ்ணகிரியில் அது எத்தனை வீட்டில் மீறப்படுகிறது என்று இங்கே எல்லாருக்கும் தெரியும்.

அப்போது எங்களுக்கு உதவுவது பெற்றோரும் அக்கம்பக்கமும் உண்மையைச் சொல்வது ஒன்றுதான். சாயங்காலம் வீட்டு வாசலில் போய் நின்றால் திண்ணையில் உட்காரச் சொல்லி, கொஞ்சம் இழுத்து, அப்புறம் பாட்டியாவது சொல்லிவிடுவார். அந்த நாளே குழந்தைகள் உதவி எண் 1098க்குப் பேசி நிறுத்திய கல்யாணம் உண்டு. நாளைக்கு நான் அதே வாசலில் அபராத ரசீதுப் புத்தகத்தோடு நிற்கிறவள் என்று ஆகிவிட்டால் யார் வாயைத் திறப்பார்கள்? எல்லாப் பிள்ளைக்கும் காய்ச்சல்தான். மருத்துவச் சான்றிதழ் கிடைப்பது ஒன்றும் கஷ்டம் இல்லை. பிள்ளை கோவாவில் இருக்கிறதா, குடகில் இருக்கிறதா, மணமேடையில் இருக்கிறதா என்று பதிவேட்டைப் பார்த்தால் வித்தியாசமே தெரியாது. எனக்கு அந்த அபராதக் காசு வேண்டாம். பிள்ளை எங்கே இருக்கிறது என்ற உண்மை வேண்டும்.

ஓசூர்_இரண்டாம்_ஷிப்ட்

டீச்சர், இந்தக் கோணத்தில் நான் யோசித்ததே இல்லை. எங்கள் லைனில் நான்கு பேர் இதைப் படித்துவிட்டோம்.

ஒரு சின்ன விஷயம். ஓசூர் சந்திரசூடேஸ்வரர் தேருக்கு உள்ளூர் விடுமுறை விடுகிறார்கள், தர்மபுரியில் ஆடிப்பெருக்குக்கு விடுகிறார்கள், பதிலுக்கு ஒரு சனிக்கிழமை பள்ளி வைக்கிறார்கள். யாரும் யாருக்கும் அபராதம் போடாமல் எல்லாப் பிள்ளையும் தேர் பார்த்துவிட்டுப் பாடத்தையும் இழக்காமல் இருக்கிறது. ஒவ்வொரு ஊர்த் திருவிழாவுக்கும் இப்படிக் கேட்க முடியாதுதான். ஆனால் ஜூன் மாதமே பெற்றோரிடம் எந்த வாரம் ஊர்த் திருவிழா என்று கேட்டு வைத்துக்கொண்டால் அந்த வாரத்தில் புதுப் பாடம் தொடங்காமல் இருக்கலாமே.

காரிமங்கலம்_அப்பா

டீச்சர் சொன்ன பிறகு அரசுப் பள்ளிக்கு அபராதம் என்று நான் பேச மாட்டேன். சூளைக்குப் போகிறவரிடம் காசு கேட்க எனக்கு மனம் வராது, நான் சொன்னது அவர்களை இல்லை.

ஆனால் என் மகள் பள்ளி விஷயத்தில் என் கருத்து அப்படியேதான் இருக்கிறது. சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பும் பெற்றோரைப் பள்ளி கூப்பிட்டு முகத்துக்கு நேராகக் கேட்க வேண்டும். கட்டணம் வருகிறது என்று பள்ளி வாயை மூடிக்கொள்கிறது. விட்டுப்போன பாடத்தைப் பிள்ளை வீட்டில் படித்து முடித்து வர வேண்டும், டீச்சர் மொத்த வகுப்பையும் நிறுத்தித் திரும்ப நடத்தக் கூடாது. இதையாவது எழுதி வாங்க வேண்டும்.

மாந்தோப்பு (காவேரிப்பட்டணம்)

அதற்கு நானும் கையெழுத்துப் போடுகிறேன் தம்பி. முன்கூட்டியே சொல்ல வேண்டும், எந்த ஊர், எப்போது திரும்புவோம் என்று உள்ளபடி எழுத வேண்டும், பாடத்தை வாங்கிக்கொண்டு போக வேண்டும். பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோராக இருக்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. அடுத்த கூட்டத்தில் எங்கள் ஊர்ப் பள்ளியில் இதை வைக்கிறேன். சித்தேரி நண்பர், உங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு இதில் என்ன சேர்த்தால் உண்மையிலேயே உதவும்?

சித்தேரி_மலை

ஒன்று கேட்கிறேன். ஏழாம் வகுப்பு வரை மூன்றாம் பருவப் புத்தகம் ஜனவரியில்தான் கைக்கு வரும். மார்கழியில் கிளம்பிவிடுகிற பிள்ளைக்கு அது கிடைப்பதே இல்லை. சித்திரையில் திரும்பி வரும்போது தேர்வே முடிந்திருக்கும். கிளம்பும்போது கையில் புத்தகம் இருந்தால், கொஞ்சம் படிக்கத் தெரிந்த அக்காவாவது ராத்திரி கொட்டகையில் தம்பிக்கு வாசித்துக் காட்டும். இரண்டாவது, திரும்பி வந்தால் பெயர் பதிவேட்டில் இருக்க வேண்டும். நீக்கிவிட்டோம், மறுபடி சேருங்கள் என்று அலைய விட்டால் பாதிப் பிள்ளைகள் வீட்டிலேயே நின்றுவிடும்.

அரூர்_டீச்சர்

பெயர் நீக்குவது பற்றிக் கவலைப்பட வேண்டாம், சொல்லிவிட்டுப் போகும் குடும்பம் என்றால் நான் தலைமையாசிரியரிடம் பேசிக்கொள்கிறேன். புத்தகம் பள்ளிக்கு வருவதற்கு முன்பே பாடநூல் கழகத்தின் இணையதளத்தில் கிடைத்தால் கணக்கையும் தமிழையும் அச்செடுத்துக் கொடுத்துவிடலாம். உங்கள் பக்கத்தில் மார்கழியில் கிளம்பும் வீடுகள் எவை, எந்த வகுப்புப் பிள்ளைகள் என்று கார்த்திகைக்குள் எனக்குத் தனிச்செய்தியில் அனுப்புங்கள். குடகில் எந்த எஸ்டேட் என்பதும் தெரிந்தால் எழுதுங்கள், மடிக்கேரி பக்கம் தமிழ்ப் பிள்ளைகளுக்கு மாலையில் பாடம் சொல்லிக்கொடுக்க யாராவது இருக்கிறார்களா என்று விசாரிக்கிறேன்.

சித்தேரி_மலை

அனுப்புகிறேன் டீச்சர். போன வருடம் போன மேஸ்திரியிடமே இன்றைக்குக் கேட்டுவிடுகிறேன், அவரிடம் பெயர்ப் பட்டியல் இருக்கும்.